எழுத்தில் ஆடும் கதைவிளையாட்டில் பகடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலையில் இருந்துகொண்டு டெலிகிராமில் ஒரு கதைவிளையாட்டுக் குழுவை நடத்திவருகிறேன். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, எல்லாரும் சேர்ந்து ஒரு கதையை எழுதி ஆடும் விளையாட்டு இது. ஆடுகிறவர்கள் ஐந்து பேர். ஒருவர் குளச்சல்காரர், விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். ஒருவர் குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால்வடிப்புத் தொழிலாளி. ஒருவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். ஒருவர் நாகர்கோவிலில் கல்லூரி மாணவி. ஐந்தாமவர் மார்த்தாண்டத்தில் தமிழாசிரியை. ஐவரும் ஒரே நேரத்தில் கைப்பேசியைப் பார்ப்பது அபூர்வம். ஒருவர் எழுதி வைப்பார். இன்னொருவர் ஆறு மணி நேரம் கழித்துப் பதில் எழுதுவார். கதை அப்படித்தான் நகர்கிறது.

எங்கள் கதை 1741-இல் குளச்சல் கரையில் நடக்கிறது. மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர்ப் படைக்கும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் மோதல் முற்றியிருக்கும் நாட்கள். ஆட்டக்காரர்கள் ஒரு வள்ளக்காரன், ஒரு கொல்லன், ஒரு வைத்தியச்சி, ஒரு துபாஷி (மொழிபெயர்த்துப் பேசுகிறவர்), ஒரு ஒற்றன் என ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றிருக்கிறார்கள். நான் கதைசொல்லி. மற்ற எல்லாரும், கடலும் மழையும் உட்பட, என் பொறுப்பு.

புதிதாகச் சேருகிறவர்களும், தனியாகக் குழு தொடங்குகிறவர்களும் என்னிடம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் பகடையைப் பற்றித்தான். தனித்தனியே பதில் எழுதி எழுதி ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. அதை வரிசைப்படுத்தி இங்கே வைக்கிறேன்.

செயலுக்குப் பகடை உருட்டுவது என்றால் என்ன? தாயம் போடுவது போலத்தானா?

பாதி அப்படி. தாயத்தில் விழுந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எந்தக் காயை நகர்த்துவது என்று யோசிப்போம். கதைவிளையாட்டில் வரிசை தலைகீழ். என் பாத்திரம் என்ன செய்யப்போகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது பலித்ததா இல்லையா என்பதைத்தான் பகடை சொல்கிறது.

என் பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டை இரண்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம்; ஒரு முகம் வெறுமை, மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று குழிகள். ஒன்று வெறுமையும் மற்றொன்று ஒன்றுமாக விழுந்தால் தாயம். மொத்தம் பதினாறு விதமாக விழலாம், தாயம் அதில் இரண்டு விதம். எட்டுக்கு ஒன்று. அந்த எட்டில் ஒன்றுக்காகப் பாட்டி கட்டைகளை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டே காத்திருப்பார். கதைவிளையாட்டிலும் மனத்துக்குள் நடப்பது அந்தக் காத்திருப்புதான். அது வீணாகிவிடாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் கீழே உள்ள விதிகள் எல்லாம்.

எதற்கெல்லாம் உருட்ட வேண்டும்? கதவைத் திறக்கவும் உருட்ட வேண்டுமா?

வேண்டாம். பலித்தாலும் பலிக்காவிட்டாலும் கதை மாற வேண்டும். இரண்டுமே நடக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் உருட்டுங்கள். பூட்டாத கதவு திறக்கும். கொல்லனுக்குத் தன் பட்டறையில் ஆணி அடிக்கத் தெரியும். நடுக்கடலில் இருந்து கரைக்கு ஒரே மூச்சில் யாராலும் நீந்த முடியாது. இதற்கெல்லாம் பகடை எதற்கு?

நேரில் உட்கார்ந்து ஆடும்போது தேவையில்லாத ஓர் உருட்டலுக்கு அரை நிமிடம்தான் போகும். எழுத்தில் ஆடும்போது அதற்கு ஒரு நாள் போய்விடுகிறது. நான் ‘உருட்டுங்கள்’ என்று எழுதுவேன். குவைத்துக்காரர் வேலை முடிந்து வந்துதான் பார்ப்பார். அவருடைய கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அவர் உருட்டிவிட்டுத் தூங்கப்போவார். நான் காலையில் முடிவை எழுதுவேன். ஒரு கதவைத் திறக்க ஒரு நாளா? தொடக்கத்தில் நான் செய்த தவறு இதுதான். முதல் மாதம் முழுவதும் எங்கள் ஆட்கள் ஒரு மதிலைத் தாண்டவே இல்லை.

எந்தப் பகடை வேண்டும்? இருபது முகப் பகடை கட்டாயமா?

கட்டாயம் இல்லை. 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த விளையாட்டு வகையைத் தொடங்கிவைத்தது. இருபது முகப் பகடைக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். அதில் ஒவ்வொரு முகத்துக்கும் சரியாக ஐந்து சதவீத வாய்ப்பு. 1 விழுவதும் 20 விழுவதும் 10 விழுவதும் சமம்.

நாங்கள் ஆடுவது கடையில் கிடைக்கும் சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டைக் கொண்டு. இரண்டையும் கூட்டி, பாத்திரத்தின் திறமை எண்ணையும், அதாவது அந்த வகைச் செயலில் பாத்திரம் எவ்வளவு கைதேர்ந்தது என்பதைக் காட்டும் எண்ணையும், சேர்க்கிறோம். 10 அல்லது அதற்கு மேல் என்றால் நினைத்தது நடந்தது. 7 முதல் 9 வரை என்றால் நடந்தது, ஆனால் ஒரு விலை உண்டு. 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் நிலைமை மோசமாகிறது, எப்படி மோசமாகிறது என்பதைக் கதைசொல்லி முடிவுசெய்வார். 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற விளையாட்டில் இருந்து பரவிய முறை இது. எழுத்தில் ஆடுகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒரே உருட்டலில் ஆட்டக்காரர் செய்ததும் எதிரி திருப்பிச் செய்ததும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. நடுவில் உள்ள 7, 8, 9 ஆகிய மூன்று எண்கள்தான் கதையை நகர்த்துகின்றன.

கணக்கு பிடித்தவர்களுக்காக: இரண்டு பகடை 36 விதமாக விழும். திறமை எண் ஏதும் இல்லாமல் உருட்டினால் முழு வெற்றி 6 விதம், விலையோடு வெற்றி 15, தோல்வி 15. திறமை எண் 1 சேர்ந்தால் அது 10, 16, 10 என்று மாறுகிறது. 2 சேர்ந்தால் 15, 15, 6. ஒரே ஓர் எண் எவ்வளவு தூரம் இழுக்கிறது பாருங்கள். அதனால்தான் கூடுதல் எண்ணை நான் வாரி வழங்குவதில்லை.

முதலில் எழுதிவிட்டு உருட்டுவதா, உருட்டிவிட்டு எழுதுவதா?

எழுதிவிட்டு உருட்டுங்கள். ஆனால் முடிவுவரை எழுதிவிடாதீர்கள். இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதிகம் பேர் தவறுவதும் இங்கேதான்.

இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கிறது. உருட்டிய பிறகுதான் எழுதுவேன் என்றால், பகடையைப் பார்த்தபின் நோக்கம் மாறிவிடும். 4 விழுந்ததும் ‘சும்மா எட்டித்தான் பார்த்தேன்’ என்று எழுதத் தோன்றும். பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இருப்பதில்லை. மனித மனம் அப்படித்தான் சாய்கிறது. மாறாக, ‘சுவரேறிக் குதித்துக் காவலாளியை வெட்டிச் சாய்த்தேன்’ என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டு உருட்டினால், 4 விழுந்ததும் எழுதியதை அழிக்க வேண்டியிருக்கும். படித்தவர்கள் மனத்தில் அந்தக் காவலாளி ஏற்கெனவே செத்துக் கிடப்பான்.

ஆகவே ஓங்கிய கையோடு நிறுத்துங்கள். குளச்சல் நண்பர் தன் வள்ளக்காரனுக்காக எழுதிய ஒரு பதிவை அப்படியே தருகிறேன். புதியவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது இதைத்தான்:

‘நிலா மறையட்டும் என்று காத்திருந்து, வள்ளத்தை டச்சுக் கப்பலின் பின்பக்கமாகக் கொண்டுபோகிறேன். துடுப்பு உரசும் விளிம்பில் ஈரத்துணி சுற்றியிருக்கிறேன். நங்கூரக் கயிற்றைப் பாதியளவு அறுத்துவிட வேண்டும். காற்று ஏறும்போது தானாக அறுந்துபோகும். மேலே இருந்து யாராவது விளக்கை நீட்டினால் வள்ளத்தை விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிடுவேன்.’

அதன் கீழேயே உருட்டல்: 4, 3, கடல் திறமை 1. மொத்தம் 8. என்ன செய்கிறான், எந்த வழியில், எதற்காக, எதை இழக்கத் தயாராக இருக்கிறான் என்ற நான்கும் ஐந்தாறு வரிக்குள் வந்துவிட்டன. நான் அவரிடம் திருப்பி ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஈரத்துணி இருப்பதால் சத்தம் கேட்டது என்று நான் சொல்ல முடியாது. விலையை வேறெங்காவது தேட வேண்டும். கயிறு பாதி அறுந்தது, கத்தி அதன் பிரியில் சிக்கிக்கொண்டது, எடுக்க நேரமில்லை. பிடியில் கொல்லனின் பட்டறை முத்திரை உள்ள கத்தி. அந்தக் கத்தியால் வந்த வினை அடுத்த மூன்று மாதக் கதை.

நான் உருட்ட வேண்டுமா வேண்டாமா என்று எனக்கே எப்படித் தெரியும்? கதைசொல்லியைக் கேட்டுவிட்டுத்தான் உருட்ட வேண்டுமா?

சந்தேகம் இருந்தால் பதிவோடு சேர்த்தே உருட்டிவிடுங்கள். தேவையில்லை என்றால் கதைசொல்லி அந்த எண்ணை ஒதுக்கிவிடுவார். கேட்டு, பதில் வந்து, பிறகு உருட்டி என்று போனால் மேலே சொன்ன ஒரு நாள் இரண்டு நாளாகும்.

கதைசொல்லிக்கும் இதில் ஒரு கடமை உண்டு. ஒரு காட்சியை முடிக்கும்போதே ‘மதிலேறுகிறவர்கள் உடல்வலு எண்ணைச் சேர்த்து உருட்டுங்கள், பேசிப் போகிறவர்கள் நாவன்மையைச் சேர்த்து உருட்டுங்கள்’ என்று இரண்டு வழியையும் எழுதி வைத்துவிடலாம். நான் தூங்கும் நேரத்திலும் கதை நடக்கும்.

வீட்டில் பகடை உருட்டி எண்ணை எழுதினால் போதாதா? பாட் எதற்கு?

டெலிகிராமிலும் டிஸ்கார்டிலும் பகடை உருட்டித் தரும் பாட்கள், அதாவது தானாக இயங்கும் நிரல்கள், இருக்கின்றன. ஒரு கட்டளை தட்டினால் எண் எல்லார் கண்முன்னும் வந்து விழும். நான் பாட்டைத்தான் வலியுறுத்துகிறேன். யாரையும் சந்தேகித்து அல்ல. நேரில் ஆடும்போது பகடை தரையில் உருண்டு நிற்பதை எல்லாரும் சேர்ந்து பார்க்கிறோம். அந்த ஒரு நொடி எழுத்தாட்டத்தில் இல்லை. பாட் அதைத் திருப்பித் தருகிறது. தொடர்ந்து மூன்று முறை 11 விழுந்தவருக்கும் தன் அதிர்ஷ்டத்தை யாரும் ஐயப்படமாட்டார்கள் என்ற நிம்மதி கிடைக்கிறது.

மலையோரத்தில் மழைக்காலத்தில் சிக்னல் போய்ப் போய் வரும். குலசேகரம் நண்பருக்குச் சில நாள் கட்டளை அனுப்பவே முடியாது. அப்போது அவர் கையில் உருட்டிக் குறுஞ்செய்தியில் எண்ணை அனுப்புவார், நான் குழுவில் போடுவேன். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பாட் எனக்கு மட்டும் குறைவாகவே போடுகிறது. வேண்டுமென்றே செய்கிறதோ?

பாட்டுக்கு உங்களைத் தெரியாது. கணினி ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் எண்ணை எடுக்கிறது; போன முறை விழுந்தது அதன் நினைவில் இருக்காது. திறமை எண் இல்லாத செயலில் தொடர்ந்து மூன்று முறை தோற்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஏழு சதவீதம், அதாவது பதினான்கில் ஒன்று. ஐந்து பேர் மாதக்கணக்கில் ஆடும் குழுவில் அது யாருக்காவது நடந்தே தீரும்.

ஆனால் எழுத்தாட்டத்தில் மூன்று தோல்வி என்றால் ஒரு வாரம் முழுக்கத் தோற்றிருக்கிறோம் என்று பொருள். அந்த வலி உண்மையானது, கணக்கைச் சொல்லி அதை ஆற்ற முடியாது. அப்படி ஒருவர் மாட்டிக்கொண்டால் நான் அடுத்த காட்சியை அவருடைய பாத்திரத்துக்கு நன்றாகத் தெரிந்த இடத்தில் வைப்பேன். எண்ணைத் திருத்தமாட்டேன்.

தோற்றால் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று எழுதலாமா?

எழுதவே கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஒருவர் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கி, யோசித்து, ஐந்து வரி எழுதி, உருட்டி, ஒரு நாள் காத்திருக்கிறார். அவருக்கு ‘பூட்டு திறக்கவில்லை’ என்று மட்டும் பதில் சொல்வது அந்த உழைப்பை மதிக்காத செயல். பூட்டு திறக்காமல் போகட்டும். ஆனால் உள்ளே இருந்து ஒருவன் ‘யார் அது?’ என்று மலையாளத்தில் கேட்கட்டும். அல்லது திறவுகோல் உள்ளேயே முறியட்டும். அல்லது பூட்டு திறக்கட்டும், அறை காலியாக இருக்கட்டும், பின்னால் கதவு சாத்தப்படட்டும்.

தோல்வி என்றால் பாத்திரம் கையாலாகாதவன் என்று காட்டவும் வேண்டாம். கொல்லன் கைதேர்ந்தவன், இரும்பு மட்டமானதாக இருந்திருக்கலாம். வைத்தியச்சி பச்சிலையைச் சரியாகத்தான் அரைத்தாள். காயம்பட்டவன் முன்பே வேறெதையோ குடித்திருந்தான். ஆட்டக்காரர் தன் பாத்திரத்தின் மீது பெருமையோடு இருக்க வேண்டும். தோற்ற நாளிலும்.

7 முதல் 9 வரை விழுந்தால் என்ன விலை வைப்பது? எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை.

பெரும்பாலும் விலை பதிவுக்குள்ளேயே இருக்கும். எதை இழக்கத் தயார் என்று ஆட்டக்காரரே எழுதியிருப்பார். வள்ளக்காரன் வள்ளத்தை விடத் தயார் என்றான், அதைக் கேட்கலாம். அல்லது அவன் கையில் இருந்த பொருள், நேரம், சத்தம், உடல், யாரோ ஒருவருக்குப் பட்ட கடன் ஆகியவற்றில் ஏதோ ஒன்று.

தோன்றவே இல்லையென்றால் இரண்டு விலையை எழுதி ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். ‘துபாஷியின் பேச்சை டச்சு அதிகாரி நம்பிவிட்டான். ஆனால் ஒன்று, உன்னைக் கூடவே தங்கச் சொல்கிறான். இல்லையென்றால் உன் மோதிரத்தை அடையாளமாகக் கேட்கிறான். எது?’ தமிழாசிரியை மோதிரத்தைக் கொடுத்தார். அது யாருடைய மோதிரம் என்று அவரே ஒரு பக்கம் எழுதினார். அப்படி ஒரு மோதிரக் கதை இருப்பது அதுவரை எனக்கே தெரியாது. விலைதான் வெற்றியைத் தின்றுவிடக் கூடாது. நம்பிவிட்டான் என்று சொன்னபின், அடுத்த வரியிலேயே சந்தேகப்பட்டான் என்று எழுதாதீர்கள்.

அழகாக எழுதுகிறவருக்குக் கூடுதல் எண் தரலாமா?

நடைக்காகத் தர வேண்டாம். எங்கள் குழுவில் தமிழாசிரியை ஒரு பக்கம் எழுதுவார். பால்வடிப்பு நண்பர் இரண்டு வரி. அவர் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய் வந்து, பாலைச் சேகரித்துக் கொடுத்த பிறகு எழுதுகிற இரண்டு வரி அது. நடைக்கு எண் கொடுத்தால் அவருடைய கொல்லன் எப்போதும் தோற்றுக்கொண்டிருப்பான். அது நியாயமா?

யோசனைக்குத் தரலாம். ஈரத்துணி சுற்றியது யோசனை. கொல்லன் ஒருமுறை ‘மதிலுக்குக் கீழே எறும்புப் புற்று இருக்கிறதா? இருந்தால் அங்கேதான் மண் இளகியிருக்கும்’ என்று எழுதினார். ஒரே வரி. அதற்கு எண் 1 கொடுத்தேன். உலகத்தில் உள்ள ஒன்றைப் பிடித்துக்கொண்டு வழி தேடியவருக்கு உதவுங்கள், எத்தனை வரி எழுதினார் என்று எண்ணாதீர்கள்.

தோற்றதும் மறுபடி உருட்டலாமா? இன்னொருவர் உதவலாமா?

அதே வழியில் அதே செயலுக்கு மறு உருட்டல் இல்லை. நிலைமை மாறினால், புதிய வழி கிடைத்தால் அது புதிய செயல். ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று எழுதாமல் இருந்தால் இந்தச் சிக்கலே வராது. தோல்விக்குப் பிறகு நிலைமை தானாகவே மாறியிருக்கும்.

உதவலாம். உருட்டுமுன் உதவ வேண்டும், எப்படி என்று எழுத வேண்டும், ஆபத்திலும் பங்கேற்க வேண்டும். எங்களிடம் உதவி என்பது எண் 1. மேலே சொன்ன கணக்கின்படி, திறமை எண் இல்லாதவரின் தோல்வி 36-இல் 15-இலிருந்து 10-ஆகக் குறைகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பில் இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும் முறை உண்டு. 11 தேவைப்படும் இடத்தில் அது 50 சதவீத வாய்ப்பை 75 ஆக்கிவிடும். எந்த முறையானாலும் உதவிக்காக ஒரு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

ஐந்து பேரும் ஒரே சண்டையில் இருந்தால் யார் முதலில் உருட்டுவது?

வரிசை போட்டு ஒவ்வொருவராகக் காத்திருந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு வாரம் ஆகிவிடும். நாங்கள் வரிசையே போடுவதில்லை. நான் நிலைமையை எழுதுவேன். ஐவரும் தங்களுக்கு முடிந்த நேரத்தில் செயலையும் உருட்டலையும் போடுவார்கள். ஒரு நாள் கழித்து, வந்ததையெல்லாம் சேர்த்து ஒரே காட்சியாக எழுதுவேன். யார் முன், யார் பின் என்பதைக் கதைக்கு எது பொருந்துமோ அப்படி வைத்துக்கொள்வேன்.

ஒருவர் செயல் இன்னொருவர் செயலைப் பொறுத்தது என்றால் ‘விளக்கு அணைந்தால் ஓடுவேன், அணையாவிட்டால் தூணுக்குப் பின்னால் நிற்பேன்’ என்று இரண்டையும் எழுதிவிடலாம். உருட்டல் ஒன்றே போதும்.

எதிரிகளுக்கு யார் உருட்டுவது?

எங்கள் முறையில் யாரும் உருட்டுவதில்லை. எதிரியின் அடி, ஆட்டக்காரரின் 9-லும் 6-லும் ஒளிந்திருக்கிறது. எதிரிக்குத் தனியாக உருட்டும் விளையாட்டை ஆடுகிறீர்கள் என்றால், அந்த எண்களைக் காட்சி எழுதும்போதே உருட்டிச் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். தாக்க ஒருவர், தடுக்க ஒருவர் என்று பதிவு போய்ப்போய் வந்தால் ஒரு வாள்வீச்சுக்கு மூன்று நாள்.

ஒருவர் பல நாள் வரவே முடியாது என்றால்? அவருக்காக நான் உருட்டலாமா?

குளச்சல் நண்பர் கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் தொடர்பு இருக்காது. ஒருமுறை அவர் போன மூன்றாம் நாள் சண்டை வந்தது. கதை நிற்கக் கூடாது என்று அவருடைய வள்ளக்காரனுக்கு நானே உருட்டினேன். 5 விழுந்தது. வலது கை போயிற்று என்று எழுதினேன். விதிப்படி எல்லாம் சரி. அவர் கரைக்கு வந்து இருபது நாள் கதையையும் படித்துவிட்டு ‘சரி’ என்று ஒரே ஒரு சொல் எழுதினார். அந்தச் சொல்லை என்னால் மறக்க முடியவில்லை. அவன் கையை எடுத்தது பகடை அல்ல, அவர் இல்லாத இடத்தில் நான் எடுத்தது. மன்னிப்புக் கேட்டு, குழுவின் சம்மதத்தோடு அந்தப் பகுதியை நீக்கினேன். ஒரு முடிவை நான் நீக்கியது அந்த ஒரு முறைதான்.

இப்போது எல்லாரும் இரண்டு மூன்று வரிகள் எழுதிவைத்துவிட்டுப் போகிறார்கள்: ‘நான் இல்லாதபோது வள்ளக்காரன் படகுகளைக் காப்பான். சண்டையில் முன்னால் நிற்கமாட்டான். வைத்தியச்சிக்கு ஆபத்து என்றால் மட்டும் வருவான்.’ அவர் இல்லாதபோது அந்தப் பாத்திரத்துக்கு உருட்டல் கிடையாது. எழுதிவைத்தது நடக்கும், உடலுக்கும் உடைமைக்கும் கேடு வராது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் அவர் வீட்டில் இருப்பார். கதையின் பெரிய கட்டங்களை அதற்காகவே எடுத்து வைக்கிறோம்.

ஆட்டக்காரருக்குத் தெரியாமல் கதைசொல்லி ரகசியமாக உருட்டலாமா?

சில இடங்களில் உருட்டல் தெரிந்தாலே ரகசியம் போய்விடும். யாரோ பின்தொடர்கிறார்களா என்று ஒற்றன் பார்க்கிறான். 3 விழுந்ததைக் கண்ட ஆட்டக்காரர் ‘யாரும் இல்லை’ என்ற பதிலை நம்பமாட்டார். பல குழுக்களில் இதற்குக் கதைசொல்லி தனியே உருட்டுகிறார்.

நான் அப்படிச் செய்வதில்லை. எண்ணை எல்லாரும் பார்க்கட்டும்; 3 விழுந்தால் பின்தொடர்கிறவன் இருக்கிறான் என்பதையே வாசகருக்குச் சொல்லிவிடுவேன், ஒற்றனுக்குத் தெரியாது என்றும் சொல்வேன். அந்த மாணவி தன் ஒற்றனைத் தெரிந்தே பொறிக்குள் நடத்திக்கொண்டு போனார். பாத்திரத்துக்குத் தெரியாதது ஆட்டக்காரருக்குத் தெரிவதால் பதற்றம் கூடத்தான் செய்கிறது.

உருட்டிய பிறகு பதிவைத் திருத்தலாமா?

எழுத்துப்பிழையைத் திருத்தலாம். செயலைத் திருத்தக் கூடாது. தவறான திறமை எண்ணைச் சேர்த்துவிட்டால் கீழே இன்னொரு வரியில் ‘கூட்டல் பிழை, மொத்தம் 7’ என்று எழுதுங்கள்; விழுந்த பகடை அப்படியே இருக்கட்டும். ‘நிலைமையைத் தவறாகப் புரிந்துகொண்டேன், மதில் அவ்வளவு உயரம் என்று தெரியாது’ என்றால் அது கதைசொல்லி சரியாக எழுதாத குற்றம். அப்போது மட்டும் செயலையே மாற்றி எழுதவிட்டு, அதே எண்ணை வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் எதிர்த்தால்?

பகடைக்கு முன் பேசுங்கள். பாத்திரங்கள் சண்டையிடலாம், ஆடுகிற இருவரும் அதை விரும்புகிறார்களா என்று தனிச்செய்தியில் கேளுங்கள். விரும்பினால், யார் எதை இழக்கலாம் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு, இருவரும் உருட்டிப் பெரிய எண் வெல்லட்டும். ஒருவருக்கு விருப்பம் இல்லையென்றால் உருட்டல் இல்லை. நேரில் என்றால் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எழுத்தில் ஒருவர் புண்பட்டது பத்து நாள் கழித்து, அவர் பதிவு குறைந்த பிறகுதான் தெரியவரும்.

ஒரே உருட்டலில் பாத்திரம் இறந்துபோகலாமா?

தானே உருட்டி, சாவும் ஒரு விலை என்று தெரிந்தே உருட்டியிருந்தால், போகலாம். ‘இதில் தோற்றால் உயிர் போகும்’ என்று உருட்டுமுன் நான் வெளிப்படையாக எழுதுவேன். வேண்டாம் என்றால் பின்வாங்க ஒரு நாள் அவகாசம். எழுதாமல் விட்டுவிட்டேன் என்றால் சாவு கிடையாது, காயமோ சிறையோதான். வள்ளக்காரனின் கைக்குப் பிறகு வந்த விதி இது.

இறக்கும் காட்சியை ஆட்டக்காரரே எழுதட்டும். எங்கள் வைத்தியச்சியின் தம்பி இறந்தபோது குவைத்துக்காரர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். நாங்கள் ஐவரும் ஒரு வரிகூட எழுதாமல் காத்திருந்தோம்.

வரலாற்றில் டச்சுக்காரர்கள் குளச்சலில் தோற்றார்கள். உங்கள் பகடை வேறு மாதிரி விழுந்தால்?

1741 ஆகஸ்ட் 10-இல் டச்சுப் படை தோற்றது. பிடிபட்ட அதிகாரி டி லனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படையிலேயே சேர்ந்து அதைப் பயிற்றுவித்தார், 1777-இல் இறந்தார். தக்கலைக்குப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. அதை மாற்றி எழுதுகிற குழுக்களும் இருக்கலாம், அதில் தவறில்லை. நாங்கள் மாற்றுவதில்லை என்று முதல் நாளே முடிவுசெய்துவிட்டோம். இரண்டாம் கேள்வியில் சொன்னதுதான் இங்கேயும்: முடிவு ஒன்றே ஒன்று என்று ஆனபின் பகடை எதற்கு?

போரின் முடிவுக்கு நாங்கள் உருட்டுவதில்லை. அந்தக் காலையில் கொல்லனின் முத்திரைக் கத்தியை வைத்திருக்கிற டச்சுச் சிப்பாய் யாரைத் தேடி வருவான், மோதிரம் திரும்பக் கிடைக்குமா, வள்ளம் கரையில் இருக்குமா கடலில் இருக்குமா என்பதெல்லாம் எந்த ஏட்டிலும் இல்லை. வள்ளக்காரனின் உருட்டலை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறேன். நண்பர் இப்போது கடலில் இருக்கிறார். ஜூன் மாதம் கரைக்கு வந்ததும் அவரே போடுவார்.